காருக்கு இல்லை குடியுரிமை

வெளிநாட்டில் பத்து வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்புகிற குடும்பத்தின் மூட்டை முடிச்சுகளைப் பார்த்தாலே அவர்கள் அங்கு வாழ்ந்த வாழ்க்கை தெரிந்துவிடும். சோபா வரும், ஃப்ரிட்ஜ் வரும், போகும்போது இங்கிருந்து தூக்கிக்கொண்டு போன கிரைண்டர்கூடத் திரும்பி வரும். குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள் அட்டைப் பெட்டிக்குள் பத்திரமாக வரும். வராமல் நின்றுவிடுவது கார் ஒன்றுதான். பிரசவத்துக்கு மனைவியை நள்ளிரவில் அழைத்துச் சென்ற கார், குழந்தையை முதல் நாள் பள்ளிக்குக் கொண்டுபோன கார், முன்பின் தெரியாத ஒருவருக்கு அடிமாட்டு விலைக்குப் போகிறது. சாவியைக் கொடுத்துவிட்டு டாக்சியில் விமான நிலையம் போகிறார்கள்.

சோபாவுக்கும் காருக்கும் அப்படி என்ன வித்தியாசம்? இரண்டும் சம்பாதித்த காசில் வாங்கியவை, இரண்டும் வருடக்கணக்கில் புழங்கியவை. ஆனால் இந்தியச் சுங்கத் துறையின் கணக்கு வேறு. சோபா வீட்டுச் சாமான். குடிபெயர்ந்து வருகிறவருக்குத் தரப்படும் சலுகையில் அது உள்ளே வந்துவிடும். கார் அந்தப் பட்டியலில் கிடையாது. அது இறக்குமதிச் சரக்கு. அதிலும் பழைய கார் என்றால், ஷோரூமுக்குப் போகும் புதுக் காரைவிடவும் சந்தேகத்துக்கு உரிய சரக்கு.

வெளிநாட்டு இந்தியர்களில் பெரும் பகுதியினர் வளைகுடா நாடுகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு முதல் நிபந்தனையிலேயே கதவு மூடிவிடுகிறது. இந்தியாவுக்குள் நிரந்தரமாகக் கொண்டுவரும் காருக்கு ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். ஐக்கிய அரபு எமிரேட்ஸ், சவூதி அரேபியா, குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன் ஆகிய ஆறு நாடுகளிலும் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுகின்றன, ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கிறது. துபாயில் ஓட்டிய காரைத் திருச்சிக்கோ திருச்சூருக்கோ குடித்தனம் கொண்டுவர ஆசைப்படுவதில் அர்த்தமில்லை.

அப்படியானால் கேரளத்துச் சாலைகளில் அவ்வப்போது துபாய் நம்பர் பிளேட்டுடன் ஓடும் பெரிய ஜீப்புகள்? அவை வந்திருப்பது விருந்தாளிகளாக. 'கார்னே' என்று ஒரு ஆவணம் இருக்கிறது, காருக்கான பாஸ்போர்ட் என்று சொல்லலாம். கார் பதிவான நாட்டின் ஆட்டோமொபைல் சங்கம் அதை வழங்கும். காரின் மதிப்பைப் பொறுத்து உரிமையாளர் பெரிய தொகையைப் பிணையாக வைக்க வேண்டும். இந்தியாவில் ஆறு மாதம் ஓட்டலாம், பிறகு வெளியே எடுத்துப் போயாக வேண்டும். போகாவிட்டால் வரி முழுவதையும் அந்தச் சங்கத்திடம் அரசு கேட்கும், சங்கம் பிணைத் தொகையில் கை வைக்கும். விடுமுறைக்கு வரும் காருக்கு இது சரி. ஊரோடு வந்துவிடுகிற காருக்கு உதவாது.

மிச்சமிருப்பவர்கள் இடப்பக்கம் வண்டி ஓட்டும் நாடுகளிலிருந்து திரும்புகிறவர்கள்: பிரிட்டன், சிங்கப்பூர், மலேசியா, ஆஸ்திரேலியா, ஜப்பான், தென்னாப்பிரிக்கா. அவர்களுக்கு நிபந்தனைகளின் வரிசை நீளம். கார் தயாரான நாளிலிருந்து மூன்று வருடம் தாண்டியிருக்கக் கூடாது. வேகமானி கிலோமீட்டரில் காட்ட வேண்டும். மைலில் வாழும் பிரிட்டிஷ் காருக்கு இதுவே ஒரு தலைவலி. இன்னும் ஐந்து வருடம் சாலையில் ஓடத் தகுதியானது, பராமரிப்புக்கு வசதி உண்டு என்று உறுதி தர வேண்டும். கப்பலேறும் முன் அந்த நாட்டில் ஒரு சோதனைச் சான்றிதழ் வாங்க வேண்டும். வந்திறங்குவது மும்பைத் துறைமுகத்தில் மட்டும்தான். வீடு சென்னைத் துறைமுகத்திலிருந்து பத்து கிலோமீட்டரில் இருந்தாலும் பழைய கார் மும்பை வழியாகத்தான் வர வேண்டும்.

மூன்று வருட வரம்பு ஒன்றே பெரும்பாலான குடும்பங்களை வெளியே நிறுத்திவிடும். எட்டு வருடம், பத்து வருடம் வெளிநாட்டில் இருந்தவர் கடைசி மூன்று வருடத்துக்குள் தயாரான கார் வைத்திருந்தால்தான் பேச்சே தொடங்கும். ஊர் திரும்பும் யோசனை மனதில் இருப்பவர் புதுக் கார் வாங்குவதும் அபூர்வம்.

இத்தனையும் தாண்டுகிற ஒரு கார் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வாங்கியபோது ரூ. 20 லட்சத்துக்குச் சமமான விலை, சரியாக இரண்டு வயது. உரிமையாளர் என்ன விலைக்கு வாங்கினார், இன்று சந்தையில் என்ன விலைக்குப் போகும் என்பது சுங்கத் துறைக்கு முக்கியமல்ல. தயாரிப்பாளரின் அன்றைய விலையை எடுத்துக்கொண்டு தேய்மானம் கழிப்பார்கள். முதல் வருடம் காலாண்டுக்கு 4 சதவீதம், இரண்டாம் வருடம் 3, மூன்றாம் வருடம் இரண்டரை. இரண்டு வருடத்துக்கு 28 சதவீதம் போக மிச்சம் ரூ. 14.4 லட்சம். கப்பல் கட்டணமும் காப்பீடும் ஒரு லட்சம் என்றால் ரூ. 15.4 லட்சம்.

இனி வரி. பழைய காருக்கு அடிப்படைச் சுங்க வரி பல வருடங்கள் 125 சதவீதமாக இருந்தது. 2025 பட்ஜெட்டில் அது 70 சதவீதமாக இறங்கியது என்று தலைப்புச் செய்தி வந்தபோது வெளிநாட்டு இந்தியர்கள் பலர் சந்தோஷப்பட்டார்கள். கூடவே 67.5 சதவீதம் விவசாயக் கட்டமைப்பு செஸ் சேர்ந்திருந்ததை அடுத்த பத்தியில்தான் படித்தார்கள். சமூகநல சர்சார்ஜையும் சேர்த்துப் பழைய சுமை 137.5 சதவீதம். புதிய சுமையும் அதே 137.5. ஆக ரூ. 15.4 லட்சத்துக்குச் சுங்கம் சுமார் ரூ. 21.2 லட்சம். இரண்டையும் கூட்டி வரும் தொகைக்கு மேல் ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் அமலான விகிதத்தில் பெரிய கார் என்றால் 40 சதவீதம், சிறிய கார் என்றால் 18. பெரிய கார் என்றால் இன்னும் ரூ. 14.6 லட்சம். வரி மட்டும் ஏறத்தாழ ரூ. 36 லட்சம், 20 லட்ச ரூபாய்க் காருக்கு. மும்பைத் துறைமுக வாசலில் அந்தக் கார் ரூ. 51 லட்சத்தில் நிற்கும்.

நிற்கும் என்பது சும்மா சொல்லும் வார்த்தை அல்ல. காகிதங்கள் ஒன்றோடொன்று பொருந்தும் வரை கார் நிற்கத்தான் வேண்டும். நாளொன்றுக்கு இவ்வளவு என்று துறைமுகத்தில் இடவாடகை ஏறிக்கொண்டிருக்கும். புனேயிலோ, இப்போது அகில்யாநகர் என்று பெயர் மாறிவிட்ட அகமதுநகரிலோ உள்ள வாகன ஆய்வு நிலையத்தின் சோதனை பாக்கி இருக்கும். முப்பது நாளில் விடுவிக்கப்படாத சரக்கை நோட்டீஸ் கொடுத்து விற்கச் சட்டத்தில் இடமுண்டு. நிபந்தனைக்குப் பொருந்தாத கார் வந்துவிட்டால் பறிமுதல். அபராதம் கட்டி மீட்கலாம், அல்லது திருப்பி அனுப்பலாம், மறுபடியும் கப்பல் கூலி கொடுத்து. 'முதலில் அனுப்பிவிடுவோம், பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்ற நம்மூர் நம்பிக்கை அதிகம் செலவு வைக்கும் இடம் இது.

அடுத்தது வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். சுங்கம் செலுத்திய சான்றான 'பில் ஆஃப் என்ட்ரி' இல்லாமல் அங்கே எதுவும் நகராது. இன்ஸ்பெக்டர் வருவார், பானெட்டைத் திறப்பார், சேஸிஸ் எண்ணின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுப்பார்கள். கம்ப்யூட்டர் வந்த பிறகும் கைவிடப்படாத சடங்கு. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்ந்த விகிதப்படி ரூ. 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். வயதான காருக்குக் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அதன் பிறகு உதிரி பாகம், இந்தியாவில் விற்கப்படாத மாடலுக்கு மெக்கானிக், 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலை அந்த எஞ்சின் ஏற்குமா என்ற கவலை.

அரசாங்கம் ஏன் இத்தனை உயரமான சுவர் எழுப்பியிருக்கிறது? கோபப்படுவதற்கு முன் சுவரின் சரித்திரத்தைப் பார்ப்பது நல்லது. அம்பாசடரும் பியட்டுமே கார் என்றிருந்த காலத்தில் வெளிநாட்டுக் கார் என்பது தெருவே கூடி வேடிக்கை பார்க்கும் பொருள். தூதரகத்துக்காரர்கள் விட்டுச் சென்ற கார்களை அரசின் வர்த்தகக் கழகம் ஏலம் விட்டது. சினிமா நட்சத்திரங்களும் தொழிலதிபர்களும் போட்டி போட்டு எடுத்தார்கள். ஒரு காரைக் கொண்டுவரும் உரிமையே காசு என்றானபோது, அந்த உரிமை உள்ளவரின் பெயரில் வேறொருவர் கார் கொண்டுவருவதும் தொடங்கிவிட்டது.

தமிழர்களுக்கு மறக்காத ஓர் உதாரணம் உண்டு. 1994-ல் லண்டனிலிருந்து சென்னைக்கு வந்த லெக்சஸ் கார் அது. புதுக் காரை முந்தைய வருடத்துப் பழைய கார் என்று காட்டி இறக்கியதாக வழக்கு. அரசுக்கு இழப்பு ரூ. 1 கோடிக்கு மேல் என்றது சி.பி.ஐ. 2010-ல் சிறப்பு நீதிமன்றம் இரண்டு ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. 2017 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. கார் துறைமுகம் வந்து 23 வருடம் ஆகியிருந்தது.

இந்த வித்தை பழங்கதை ஆகிவிடவில்லை. 2025 செப்டம்பரில் கேரளத்தில் சுங்கத் துறை 'நும்கோர்' என்று பெயரிட்டுச் சோதனை நடத்தியது. பூட்டானிய மொழியில் வாகனம் என்று பொருள். பூட்டான் வழியாக வரி கட்டாமல் நுழைந்து, இந்தியப் பதிவெண் பெற்று ஓடிக்கொண்டிருந்ததாகச் சந்தேகிக்கப்பட்ட கார்களைத் தேடிச் சினிமாப் பிரபலங்களின் வீடுகள்வரை அதிகாரிகள் போனார்கள்.

தொழிலைக் காக்கும் கவலையும் இருந்தது. உலக வர்த்தக அமைப்பின் விதிகளுக்காக 2001 ஏப்ரல் 1 அன்று இந்தியா இறக்குமதியின் மீதிருந்த அளவுக் கட்டுப்பாடுகளை நீக்கியபோது, ஜப்பானின் பழைய கார்கள் வெள்ளமாக வந்து இறங்கும் என்று கார் தயாரிப்பாளர்கள் அலறினார்கள். மூன்று வருட வயது வரம்பும் மும்பைத் துறைமுகமும் அந்தப் பயத்தின் குழந்தைகள். பயம் வெறும் கற்பனையும் அல்ல. நியூசிலாந்து 1998-ல் கார்களின் மீதான சுங்க வரியை எடுத்தது. அதே வருடம் அங்கிருந்த கார் ஆலைகள் மூடப்பட்டன. ஜப்பானியப் பழைய கார்கள் மலிவாகக் கிடைத்தன, ஆலை வேலைகள் போயின. ஸ்ரீபெரும்புதூரையும் ஒரகடத்தையும் வைத்துப் பிழைக்கும் தமிழ்நாட்டுக்கு அது அந்நிய விவகாரம் அல்ல.

ஆனால் வியாபாரியையும் ஊர் திரும்பும் குடும்பத்தையும் ஒரே கண்ணால் பார்க்கத்தான் வேண்டுமா? மற்ற நாடுகள் வேறொரு கேள்வி கேட்கின்றன. பிரிட்டனுக்குக் குடிபெயர்கிறவரிடம், 'இந்தக் காரோடு எத்தனை நாள் வாழ்ந்தீர்கள்?' என்று கேட்கிறது அந்த நாடு. வெளியே 12 மாதமாவது வசித்து, காரை ஆறு மாதமாவது வைத்து ஓட்டியிருந்தால், வரி இல்லை. வந்த பிறகு 12 மாதத்துக்கு விற்கக் கூடாது. ஜெர்மனியிலும் ஏறத்தாழ இதே ஏற்பாடு. ஆஸ்திரேலியா வரியை விடுவதில்லை, கப்பலேற்றும் முன் அனுமதியும் கட்டாயம். ஆனாலும் உரிமையாளர் அந்தக் காரை வெளிநாட்டில் 12 மாதம் வைத்து ஓட்டியிருந்தால் அவருக்கென்று ஒரு வழி வைத்திருக்கிறது. அமெரிக்கா வேறு விதம். 25 வயதுக்குக் குறைந்த கார் அந்த நாட்டுப் பாதுகாப்பு விதிகளின்படி தயாரிக்கப்பட்டிருக்க வேண்டும், பாசத்துக்கு இடமில்லை. பணத் தட்டுப்பாடு வந்தால் எந்தச் சலுகையும் நிற்காது என்பதற்கு இலங்கை சாட்சி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய அந்த நாடு, தனியார் வாகனங்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பிப்ரவரியில்தான்.

சிங்கப்பூர்த் தமிழர்களுக்குக் கணக்கு இன்னும் விசித்திரம். 1990-ல் அந்த நாடு கொண்டுவந்த முறையில், கார் வாங்கும் முன் பத்து வருடம் ஓட்டும் உரிமையை ஏலத்தில் வாங்க வேண்டும். அந்தக் காகிதத்தின் விலை காரின் விலையையே மிஞ்சும். நாடு திரும்பும்போது பதிவை நீக்கினால் மிச்சக் காலத்துக்கான தொகை திரும்ப வரும். காரின் மதிப்பில் பெரும் பங்கு இரும்பில் இல்லை, பதிவேட்டில்தான் இருக்கிறது. இரும்பை ஏற்றுமதி செய்யலாம், உடைத்துப் போடலாம், அது உரிமையாளரின் பாடு.

இந்தியாவிலிருந்து வெளியே போகிறவர்கள் பெரும்பாலும் காரைக் கொண்டுபோக நினைப்பதே இல்லை. ஆனால் விட்டுச் செல்வதிலும் ஒரு பொறி இருக்கிறது. விசா வந்த அவசரத்தில் பழைய கார் புரோக்கரிடமோ மைத்துனரிடமோ சாவியையும் கையெழுத்திட்ட படிவம் 29, 30-ஐயும் கொடுத்துவிட்டு விமானம் ஏறுகிறார்கள். ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாறியதா என்று யாரும் பார்ப்பதில்லை. கார் மூன்று கை மாறி, நான்காவது ஆள் யாரையோ மோதிவிட்டால், நஷ்டஈட்டு நோட்டீஸ் தேடிப் போவது டொரான்டோவில் இருக்கும் முதல் உரிமையாளரை. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது: காரை விற்றிருந்தாலும், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், பொறுப்பும் அவருடையது. பெயர் மாற்றம் முடிந்த ஆர்.சி.யின் நகலைக் கண்ணால் பார்க்காமல் பெட்டி கட்டுவது புத்திசாலித்தனம் அல்ல.

ஊர் திரும்புகிறவர்களுக்கு இந்தியா செய்யக்கூடியது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. குடும்பத்துக்கு ஒரு கார், வாழ்நாளில் ஒரு முறை, வெளிநாட்டில் ஒரு வருடமாவது தம் பெயரில் ஓட்டியதற்கு அத்தாட்சி, வந்த பிறகு சில வருடங்களுக்கு விற்கத் தடை. விற்கவே முடியாத காரை வைத்து யாரும் வியாபாரம் நடத்த முடியாது. பினாமி இறக்குமதியை 137.5 சதவீத வரியைவிட அந்தத் தடையே நன்றாகத் தடுக்கும். வரி ஏற ஏறத்தானே வரியை ஏய்ப்பதில் லாபமும் ஏறுகிறது? நேர்மையாகக் கணக்குப் போடுகிறவர் காரை அங்கேயே விற்றுவிட்டு வருகிறார். கணக்கைத் திருத்தத் தெரிந்தவரின் கார்தான் எப்படியோ வந்து சேர்கிறது.

அதுவரை ஊர் திரும்புகிறவர் தம் காரை விற்கத்தான் வேண்டும். விற்கும் முன் ஒரே ஒரு காகிதத்தை அங்குள்ள காப்பீட்டுக் கம்பெனியிடம் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது: இத்தனை வருடம் இவர் நஷ்டஈடு எதுவும் கேட்கவில்லை என்ற சான்று. அந்தச் சலுகை காரைச் சேர்ந்தது அல்ல, ஓட்டியவரைச் சேர்ந்தது. வெளிநாட்டுப் பாலிசி முடிந்த மூன்று வருடத்துக்குள் இந்தியாவில் புதுக் காருக்குக் காப்பீடு எடுக்கும்போது, அந்தச் சான்றைக் காட்டித் தள்ளுபடி கேட்க மோட்டார் காப்பீட்டு விதிகளில் இடமுண்டு. இந்தியாவில் அந்தத் தள்ளுபடி அதிகபட்சம் 50 சதவீதம்வரை போகும். கேட்டால் கிடைக்கும் என்பது பலருக்குத் தெரியாததால் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். கார் எல்லையில் நின்றுவிடுகிறது. அதை ஒழுங்காக ஓட்டிய நல்ல பெயரை மட்டும் வரி இல்லாமல் உள்ளே கொண்டுவரலாம்.